மழையிலும் ஓடுவோம், பகிர்ந்து உண்போம்!

“சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்” என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பற்றித் தேர்வில் கட்டுரை எழுதும்போதெல்லாம் இப்பழமொழியைத்தான் முதல் வரியாக எழுதுகின்றோம்; அதற்கு மதிப்பெண்ணும் பெறுகின்றோம். ஆனால் சுவரைப் பற்றி இவ்வளவு எழுதுகின்ற நாம், அந்தச் சுவரை எழுப்புவதற்கு ஒரு நாளில் எத்தனை நிமிடம் ஒதுக்குகின்றோம்? இக்கேள்வியை நாங்கள் எங்களையே கேட்டுக்கொண்டோம். அதன் பயனாக எழுந்ததே இக்கட்டுரை.

ஆண்டு விளையாட்டு விழாவை நினைத்துப் பாருங்கள். நூறு மீட்டர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடுபவர் எட்டுப் பேர். வெற்றி மேடையில் ஏறுபவர் மூன்று பேர். பள்ளியின் மற்ற மாணவியர் அனைவரும் பந்தலின் கீழ் அமர்ந்து கை தட்டுகின்றோம். கை தட்டுவது நல்ல பண்புதான். ஆயினும் கை தட்டுவதால் கால்கள் வலுப்பெறுவதில்லையே! வெல்லக்கூடியவர் ஓடலாம், மற்றவர் பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மை அறியாமலே நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

பரிசும் பதக்கமும் இல்லாமல் கூடி ஓடி, ஓடி முடித்தபின் அவரவர் வீட்டுப் பலகாரத்தைப் பகிர்ந்து உண்ணும் ஓட்டக் குழுக்கள் பெண்கள் பள்ளிகளில் தோன்ற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. அத்தகைய குழுவின் நட்பு உண்மையானதா என்பதை அறிய இரண்டு உரைகற்கள் உள்ளன. ஒன்று மழை நாள். மற்றொன்று சிற்றுண்டிப் பெட்டி. மழையில் பின்தங்கியவளுக்காக நிற்கின்றோமா? யார் வீட்டுப் பெட்டியாயினும் தயங்காமல் கை நீட்டுகின்றோமா? இவ்விரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை சொல்ல முடிந்தால் அது நல்ல குழு.

இது எங்கள் கற்பனையில் உதித்த புதுமையன்று. 1938-ஆம் ஆண்டு மலேயாவின் கோலாலம்பூர் நகரில் வேலை பார்த்த ஆங்கிலேயர் சிலர் மாலை வேளையில் ஓடுவதற்கு ஒரு குழு அமைத்தனர். கிஸ்பெர்ட் என்னும் கணக்காளர் அதற்கு முன்னின்றார். அவர்களுடைய ஆட்டம் சுவையானது. ‘முயல்’ என்று ஒருவர் முன்னே ஓடித் துண்டுக் காகிதங்களைப் போட்டுக்கொண்டே செல்வார். மற்றவர் வேட்டை நாய்களைப்போல் அத்தடத்தைத் தேடிப் பின்தொடர்வர். நடுவில் தடம் திடீரென்று அறுந்துபோகும். வேகமாக ஓடி முன்னே சென்றவர் தவறான வழியில் போய்த் திரும்பி வருவதற்குள், மெல்ல வந்தவர் அவர்களை எட்டிவிடுவர். வல்லவரும் மெலிந்தவரும் ஒன்றாகவே ஊர் சேர்வதற்கு எவ்வளவு எளிய உபாயம், பாருங்கள்!

அவர்கள் உணவு கொண்ட விடுதிக்கு ‘ஹாஷ் ஹவுஸ்’ என்பது கேலிப் பெயர். அங்குள்ள சாப்பாடு அத்தனை சலிப்பூட்டுவதாக இருந்ததாம். அதையே தங்கள் குழுவுக்கும் பெயராக வைத்துக்கொண்டனர். கிஸ்பெர்ட் 1942-இல் சிங்கப்பூர்ப் போரில் உயிரிழந்தார். போருக்குப் பிறகு அவருடைய தோழர்கள் மீண்டும் கூடினர். இன்று உலகின் பல நாடுகளில் இக்குழுவின் வழியில் ஓடுகின்றனர். ஓட்ட முடிவில் மதுவருந்துவது அவர்கள் வழக்கம். அது நமக்கு வேண்டாம். எங்கள் சுக்குக் காப்பியே போதும்.

ஆனால் இவ்வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு வேறொன்றும் தோன்றியது. கோலாலம்பூரைச் சூழ்ந்திருந்தவை ரப்பர்த் தோட்டங்கள். அங்கே பால் வெட்டியவருள் மிகப் பலர் நம் தமிழ் மக்கள். அவர்களுள் பெண்களும் இருந்தனர். துரைமார் மாலையில் விளையாட்டாக ஓடிய தோட்டத்தில், அப்பெண்கள் விடியலிலேயே வாளி சுமந்து மரத்துக்கு மரம் நடந்தனர். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. அன்றைய வருமானம் போயிற்று. ஒருவருக்கு வேடிக்கையாக இருக்கும் மழை மற்றொருவருக்குக் கவலையாகிறது. அந்தப் பெண்களின் கால்களில் வலுவிருந்தது. விளையாட ஓய்வு இல்லை. முதலில் தோன்றிய அந்த ஓட்டக் குழுவும் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

நம் காலத்தில் இந்நிலை மாறியிருக்கிறது. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இலண்டனில் உள்ள புஷி பூங்காவில் பால் சின்டன்-ஹூவிட் என்பவரின் அழைப்பை ஏற்று 13 பேர் ஓடினர். ‘பார்க்ரன்’ என்று இப்போது பல நாடுகளில் நடைபெறும் சனிக்கிழமை ஓட்டத்தின் தொடக்கம் அதுவே. தூரம் 5 கிலோமீட்டர். கட்டணம் கிடையாது. ஓட முடியாதவர் நடக்கலாம். எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது அங்குள்ள ஓர் ஏற்பாடு. வரிசையின் கடைசியில் நடந்து வருவதற்கென்றே ஒரு தொண்டரை நியமித்திருக்கின்றனர். ஆதலால் அங்கே ஓட வந்த எவரும் ‘கடைசி’ என்ற பெயரைச் சுமப்பதில்லை! ஐம்பதாவது ஓட்டம், நூறாவது ஓட்டம் என்று நிறைவு செய்பவர் வீட்டில் கேக் செய்து கொண்டுவந்து மற்றவர்க்கு வழங்குவதும் உண்டு. நம் மாநிலத்திலேயே 2006-இல் தொடங்கிய ‘சென்னை ரன்னர்ஸ்’ குழுவினர் நகரின் பல பகுதிகளிலும் விடியற்காலையில் கூடி ஓடுகின்றனர். பெரியவர்களுக்கு இது நன்மை தருமாயின் நமக்குத் தராதா?

பெண்கள் ஓடக்கூடாது என்று சொன்ன உலகம் இது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் நடைபெற்றது. ஓடி முடித்த சிலர் களைத்துப் படுத்தனர். செய்தித்தாள்கள் அதைப் பெரிதுபடுத்தி எழுதின. விளைவு? 1960 வரை அவ்வோட்டமே ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இல்லாமற் போயிற்று. களைத்துப் படுக்கும் ஆண்களைப் பார்த்து எவரும் ஓட்டத்தை நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். 1967-இல் காத்ரின் சுவிட்சர் என்னும் மாணவி பாஸ்டன் மாரத்தானில் எண் பெற்று ஓடியபோது, அதிகாரி ஒருவர் ஓடிவந்து அவர் மார்பிலிருந்த எண்ணைப் பிடுங்க முயன்றார். அவர் நிற்காமல் ஓடி முடித்தார். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-இல்தான்.

அதே 1984 ஒலிம்பிக்கில்தான் நம் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கத்தை இழந்தார். அந்த நூறில் ஒரு பங்குக்காக நாடே வருந்தியது, இன்றும் வருந்துகிறது. ஏழாம் வகுப்பு வரை ஓடிக்கொண்டிருந்து, எட்டாம் வகுப்பில் ஓட்டத்தை நிறுத்திவிட்ட பெண்களுக்காக வருந்துபவர் யார்? “பெரிய பெண்ணாகிவிட்டாய், இனி என்ன ஓட்டம்?” என்ற ஒரே சொல்லில் அது நின்றுவிடுகிறது. ஊக்கமருந்துச் சோதனையும் இல்லை, நடுவரும் இல்லை, போட்டியிலிருந்து நீக்கிவிடுகின்றனர்!

இது நம் ஊரின் குறை மட்டுமன்று. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலை உழைக்க வைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டு வரையிலான கணக்குகளைக் கொண்டு அந்நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுள்ள பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 85 பேரும், ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேரும் போதிய அளவு உடலுழைப்பு இல்லாதவர்கள். ஆண்களும் நன்றாகச் செய்யவில்லை. நாம் அவர்களைவிடப் பின்தங்கியிருக்கின்றோம்.

ஓசூர்ப் பகுதியில் வாழும் நமக்கு இது இன்னும் முக்கியமானது. கைக்கடிகாரம், மோட்டார் சைக்கிள், லாரி, மின்னணுப் பொருள் என எத்தனையோ தொழிற்சாலைகள் நம்மைச் சூழ்ந்துள்ளன. எங்கள் தாய்மார் பலர் ஒரு ஷிப்டு முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்கின்றனர். நாளை எங்களில் பலரும் அங்கே செல்லக்கூடும். அப்போது நம்மைத் தாங்கப்போவது இந்தக் கால்கள்தாமே!

இனி மழைக்கு வருவோம். ஓசூருக்குக் ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயருண்டு. இங்கு வெயிலை அஞ்சிப் பெண்களை வீட்டில் இருத்துபவர் குறைவு. குளிரையும் மழையையும் அஞ்சுபவரே மிகுதி. “மழையில் நனைந்தால் காய்ச்சல் வரும்” என்பது எல்லா அம்மாக்களுக்கும் மனப்பாடம். சளிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரியாத நச்சுயிரிகள் என்று அறிவியல் நூலில் படிக்கின்றோம். மழைத்துளி அவற்றைச் சுமந்து வானிலிருந்து இறங்குவதில்லை. ஓடும்போது உடல் சூடாக இருக்கிறது. ஓட்டம் நின்றபின் ஈர உடையோடு நெடுநேரம் இருப்பதுதான் உடலை நடுங்கச் செய்கிறது. ஆகவே மாற்று உடை, ஒரு துண்டு, சூடாகக் குடிக்க ஏதேனும் ஒன்று, இம்மூன்றும் இருந்தால் தூறலுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

மழையில் உண்மையாகவே அஞ்ச வேண்டியவை வேறு. இடிச்சத்தம் கேட்டால் அந்நொடியே ஓட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடி கேட்டபின் 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கலாகாது. தேங்கிய நீரில் கால் வைக்கலாகாது. அதன் அடியில் பள்ளமும் இருக்கலாம், நோய்க் கிருமிகளும் இருக்கலாம். அறுந்த மின்கம்பியின் அருகில் செல்லவே கூடாது. இவற்றை அறிந்து நடப்பதே விவேகம். மழை என்றாலே கதவைச் சாத்துவதில் விவேகம் எங்கே இருக்கிறது?

மழை ஓட்டத்திற்கு 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் நடந்த பாஸ்டன் மாரத்தான் ஒரு பாடம். அன்று கொட்டும் மழை, எதிர்க்காற்று, கடுங்குளிர். புகழ்பெற்ற வீரர் பலர் பாதியில் விலகினர். டெசிரே லிண்டன் என்னும் வீராங்கனை அன்று தம்மால் முடிக்க இயலாது என்றே எண்ணினாராம். ‘என்னால் முடியாவிட்டால் உனக்காவது உதவுகின்றேன்’ என்ற கருத்தில் தம் நாட்டுத் தோழி ஷாலேன் ஃபிளானகனிடம் பேசினார். ஷாலேன் இடையில் கழிவறைக்காக ஒதுங்கியபோது, டெசிரே வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். பிறகு அவரை முன்னணிக் கூட்டத்தோடு சேர்த்தார். இறுதியில் வென்றவர் யார் தெரியுமா? காத்திருந்த டெசிரேயேதான்! அமெரிக்கப் பெண் ஒருவர் அப்போட்டியில் வென்றது 33 ஆண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல்முறை. ஒருத்திக்காக நின்றால் நம் வெற்றி போய்விடும் என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு நாங்கள் சும்மா இருக்கவில்லை. சென்ற புரட்டாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோரின் இசைவுக் கடிதத்துடன், எங்கள் வகுப்பு மாணவியர் பதினான்கு பேர் கெலவரப்பள்ளி அணைச் சாலையில் 3 கிலோமீட்டர் தூரம் ஓடினோம். விளையாட்டு ஆசிரியை உடன் வந்தார். தோழி ஒருத்தியின் தந்தை தம் வேனைப் பின்னால் மெல்ல ஓட்டி வந்தார். நனைந்த உடை பற்றித் தயங்கிய அம்மா ஒருவரே, கருநீலக் காற்சட்டையும் தடித்த பனியனும் அணியலாமென்று வழியும் சொன்னார். தடை சொல்ல வந்தவர் வழி சொன்னதற்காக அவருக்கு எங்கள் நன்றி.

பாதி தூரத்தில் தூறல் வலுத்து மழையாயிற்று. இடி இல்லை. முன்னே ஓடிய மூவர் வளைவைத் தாண்டிவிட்டனர். பின்னே ஒருத்திக்கு மூச்சு வாங்கியது. “நீங்க போங்கடி, நான் மெல்ல வர்றேன்” என்றாள். இந்தச் சொல்லை நம்மில் பலர் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டே இருக்கின்றோம்; கேட்பவரும் அதை நம்பிப் போய்விடுகின்றனர். அன்று நாங்கள் போகவில்லை. முன்னே சென்ற மூவரும் திரும்பி வந்தனர். பதினான்கு பேரும் மழையில் நடந்தோம். மூச்சுத் திணறல் தீர்ந்தபின் மீண்டும் ஓடினோம். எத்தனை நிமிடத்தில் முடித்தோம் என்று ஆசிரியை குறிக்கவே இல்லை. கடிகாரம் செய்யும் ஊரிலே கடிகாரம் பாராமல் ஓடிய பெருமை எங்களைச் சேரும்!

அணையருகே ஒரு காட்சியைக் கண்டோம். மதகிலிருந்து பாய்ந்த தண்ணீரில் வெண்ணுரை மலைபோல் எழுந்து மிதந்தது. முதலில் பார்க்கும் எவரும் குட்டி இங்கிலாந்தில் பனி பெய்துவிட்டது என்றே எண்ணுவர். உண்மை அவ்வளவு அழகானதன்று. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து நம்மிடம் வரும் தென்பெண்ணையில், பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளிலிருந்து வழியும் நீரும் கலக்கிறது. அதில் வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்துள்ளன. சோப்புத்தூள் போன்ற பொருள்கள் கலந்த நீர் மதகில் வேகமாக விழுந்து காற்றோடு மோதும்போது நுரை பொங்குகிறது. மழை மிகும்போது அணைக்கு வரும் நீரும் நுரையும் மிகுகின்றன. நாங்கள் அதைத் தொடவில்லை. தள்ளி நின்றே பார்த்தோம். இந்நீரை நம்பிப் பயிரிடும் உழவர்கள் தள்ளி நிற்க முடியுமா? அண்டை வீட்டார் நமக்குக் கொடுத்தனுப்புவது பலகாரமாக இருக்கலாம். கழுவிய அழுக்காக இருக்கலாகாது. வீட்டிற்குள்ளேயே இருந்திருந்தால் இதைச் செய்தித்தாளில் ஒரு படமாகப் பார்த்துப் பக்கத்தைத் திருப்பியிருப்போம்.

உடை மாற்றிக்கொண்டு, ஆசிரியை பிடித்து வைத்திருந்த நிழற்குடையின் கீழ் அமர்ந்தோம், பெட்டிகளைத் திறந்தோம். புரட்டாசிச் சனிக்கிழமை ஆதலால் சில வீடுகளில் விரதம். எனவே அசைவமும் முட்டையும் வேண்டாமென்று முன்னரே பேசி வைத்திருந்தோம். நம் ஊர் எல்லைப்புற ஊர் என்பது பெட்டிகளைத் திறந்தபோதுதான் நன்றாகத் தெரிந்தது. ஒருத்தி ‘தட்டை’ என்றாள்; கன்னடத் தோழி ‘நிப்பட்டு’ என்றாள்; தெலுங்குத் தோழி ‘செக்கலு’ என்றாள். மூன்று பெட்டியிலும் இருந்தது ஏறக்குறைய ஒன்றே! எங்கள் போளி அவர்களுக்கு ‘ஒப்பட்டு’. உருது பேசும் தோழி தேங்காயும் சர்க்கரையும் வைத்த பணியாரம் கொண்டுவந்திருந்தாள். அழகாக அலங்கரித்துக் கொண்டுவந்த முட்டையில்லாக் கேக் ஒன்று மழை புகுந்து களியாகிவிட்டது. அதைக் கரண்டியால் எடுத்து உண்டு மகிழ்ந்தோம்.

ஒருத்தி மட்டும் பெட்டியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அவள் தாயார் இரவு ஷிப்டு முடித்துக் காலையில்தான் வீடு திரும்புபவர். விடிவதற்கு முன் அவளே எழுந்து சுட்ட நான்கு கேழ்வரகு அடையும், உப்பிட்டு அவித்த வேர்க்கடலையும்தான் அதில் இருந்தன. போளிக்கும் கேக்குக்கும் நடுவில் அதை வைப்பதா என்ற தயக்கம் அவளுக்கு. ஆனால் மழையில் நனைந்து பசித்தவருக்கு அவித்த கடலையைவிட இனியது எது? அவள் பெட்டிதான் விரைவில் காலியாயிற்று. பகிர்ந்து உண்ணும் வழக்கம் எவ்வளவு நல்லதோ, அவ்வளவு எளிதில் அது பெருமை காட்டும் சந்தையாகவும் மாறிவிடும் என்பதை நாங்கள் அப்போது உணர்ந்தோம். ஆகவே இனி யார் எதைக் கொண்டுவந்தாலும் எல்லாவற்றையும் ஒரே பெரிய தட்டில் கொட்டி வைப்பது என்று முடிவு செய்தோம். எது யாருடையது என்ற பேச்சு வேண்டாம். ஒன்றும் கொண்டுவர இயலாதவள் தண்ணீர் ஊற்றட்டும். அதுவும் விருந்தில் ஒரு பங்குதான்.

“சேர்ந்து தின்பதில் இவ்வளவு என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டு வரலாற்றில் அது எளிய செயலாக இருந்ததில்லை. 1920-களில் சேரன்மாதேவியில் நடைபெற்ற குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனியாக உணவு இட்டதனால் எழுந்த எதிர்ப்பு தமிழ்நாட்டையே கலக்கியது. அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? நூறாண்டு கழிந்து, 2023 செப்டம்பரில், தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில், காலை உணவு சமைத்த பெண்ணின் சாதியைச் சொல்லிச் சில பெற்றோர் தம் பிள்ளைகளை உண்ண விடாத செய்தியைப் படித்தோம். அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அங்கே சென்று பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண வேண்டியதாயிற்று. யார் சமைத்தது என்று கேட்டு, விடை அறிந்த பின் கை நீட்டும் வழக்கம் நம் வகுப்பறைகளிலும் அறவே இல்லை என்று நாம் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியுமா? “எனக்குப் பசியில்லை” என்று புன்னகையோடு சொல்லப்படும் பொய்களை நாம் அறியாதவர்கள் அல்லோம். மழையில் ஒன்றாக நனைந்தவர்கள் அந்தப் பொய்யைச் சொல்வது கடினம். பசி எல்லாருக்கும் தெரிகிறது!

எங்கள் கருத்துக்கு வரக்கூடிய மறுப்புகளையும் எண்ணிப் பார்த்தோம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் ஓட்டம் எதற்கு என்பது முதல் மறுப்பு. மாதத்தில் ஒரு சனிக்கிழமைக் காலையில் இரண்டு மணி நேரம் போவதால் படிப்புக் கெட்டுவிடாது. அதைவிட அதிக நேரத்தைக் கைப்பேசியில் செலவிடுகின்றோம் என்பது பெற்றோர்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சாலையில் பெண் பிள்ளைகள் ஓடினால் பாதுகாப்பு உண்டா என்பது அடுத்தது. இக்கேள்வி நியாயமானது. தனியே ஓடுபவளைக் கேலி செய்பவர் இருக்கின்றனர். அதனால்தான் கூட்டமாக, ஆசிரியையுடன், பகலொளியில் ஓட வேண்டும் என்கின்றோம். கேலி செய்பவருக்காக நாம் வீட்டிலிருந்தால் சாலை முழுவதும் அவர்களுடையதாகிவிடும்.

உணவில் தூய்மை வேண்டாமா என்பதும் சரியான கேள்வியே. கை கழுவிய பின்பே தொட வேண்டும். விரைவில் கெடும் பண்டங்களைத் தவிர்க்க வேண்டும். வேர்க்கடலை, பால் போன்றவை ஒவ்வாதவர் இருந்தால் முன்கூட்டியே கேட்டறிந்து தனியே வைக்க வேண்டும். அவரவர் விரதத்தையும் சமய வழக்கத்தையும் மதிக்க வேண்டும். உடல்நிலை காரணமாகச் சில நாட்களில் ஓட விரும்பாதவள் நடக்கட்டும், அல்லது கடைசியில் வருபவளுக்குத் துணையாகட்டும். காரணம் கேட்டு அவளை வருத்தலாகாது.

அன்பார்ந்த அருட்சகோதரியரிடமும் ஆசிரியையரிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். விளையாட்டு விழாவை நிறுத்த வேண்டாம். வெல்பவர் வெல்லட்டும், நாங்கள் மனமாரக் கை தட்டுவோம். அதோடு மாதம் ஒரு சனிக்கிழமையை எல்லா மாணவியரும் ஓடும் நாளாக ஒதுக்கித் தாருங்கள். அன்று தூறல் விழுந்தால் ‘இன்று இல்லை’ என்று பலகையில் எழுதாதீர்கள்; ‘மாற்று உடை கொண்டு வருக’ என்று எழுதுங்கள்.

பெற்றோரே! உங்கள் அச்சத்தில் அன்பு இருப்பதை நாங்கள் அறிவோம். மழையில் நனையாமல் எங்களை வளர்த்தீர்கள். அதற்கு என்றும் கடமைப்பட்டுள்ளோம். ஆனால் வாழ்நாள் முழுவதும் குடை பிடிக்க உங்களாலும் இயலாது. நனைந்தபின் எப்படித் துவட்டிக்கொள்வது என்பதையும் கற்றுத் தாருங்கள். பலகாரம் செய்ய நேரமில்லையே என்று வருந்த வேண்டாம். வீட்டில் உள்ளதில் ஒரு பிடி போதும். அதைக் கட்டிக்கொடுக்கும்போது, யாரோடு உண்ணலாம், யாரோடு உண்ணலாகாது என்ற பட்டியலை மட்டும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

தோழியரே! வேகமாக ஓடுபவளுக்கு உலகம் எப்போதும் கை தட்டும். மெல்ல ஓடுபவளுக்குத் துணையாக வர நாம்தான் இருக்கின்றோம். அடுத்த மழைக்கு இன்னும் பல நாள் இல்லை. காலணியைத் தேடி எடுத்து வையுங்கள். பெட்டியைக் கழுவி வையுங்கள். வானம் கருத்தால் சன்னலைச் சாத்தாமல் வெளியே வாருங்கள். ஒருவரும் கடைசியாகாத ஓட்டத்தில் உங்களுக்கும் ஓர் இடம் உண்டு.

— பத்தாம் வகுப்பு மாணவி, ‘அ’ பிரிவு